மூச்சும் கிடையும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினைப் படுத்தே கழிக்கின்றான். படுக்கும் வகைகளைக் குறிக்கத் தமிழிற் சொற்களுக்குக் குறைவில்லை. மல்லாத்தல், கவிழ்தல், குப்புறல், ஒருக்களித்தல் என ஒவ்வொரு வகைக்கும் தனிப்பெயர் உண்டு. நோயுற்று எழமாட்டாதவரை 'அவர் கிடையிலே விழுந்துவிட்டார்' என்று நம்மூரிற் கூறுவர். உடல் கிடக்கும் நிலையைக் குறிக்க அக் கிடை என்னும் சொல்லையே இக்கட்டுரையில் எடுத்தாளுகின்றேன். புதிதாய் ஒரு கலைச்சொல்லைப் புனைதலினும் வழக்கிலுள்ள சொல்லைக் கையாளுதல் நன்று.

சுவாசப்பொறியின் துணைகொண்டு மூச்சு விடும் நோயாளி ஒருவரை மல்லாத்திக் கிடத்துதல் தக்கதா, கவிழ்த்துக் கிடத்துதல் தக்கதா என்னும் வினா, மேற்போக்காக நோக்குவார்க்குத் தாதியரின் வசதியைப் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். நுரையீரல் கடுமையாகப் பழுதுற்ற நோயாளரைப் பொறுத்தவரை அது உயிரைப் பற்றிய வினாவாகும். மருந்தோ புதிய கருவியோ வேண்டாத இவ்வெளிய முறையைக் குறித்து 1974ஆம் ஆண்டிலேயே ஓர் அறிஞர் குறிப்புக் காட்டினார். அதனால் உயிர் பிழைப்போர் உளர் என்பது உறுதியாக நிறுவப்பட்டதோ 2013ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிதல், மருத்துவம் பயில விரும்பும் மாணவர்க்கேயன்றி ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்பும் எவர்க்கும் பயன்தரும்.

முதற்கண் நுரையீரலின் இயல்பை நோக்குவாம். வாதனாளி வழியே புகும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழாய்களினூடே சென்று, ஈற்றிலே சிற்றறைகள் எனப்படும் நுண்ணிய பைகளை அடைகின்றது. இவை சில நூறு மில்லியன் எண்ணிக்கையின. இவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பின் ஏறத்தாழ 70 சதுர மீற்றராகும். பெரியதொரு வகுப்பறையின் தரையை அதனால் மூடிவிடலாம். ஒவ்வொரு சிற்றறையையும் மயிர்க்குழாய்கள் வலையெனப் பின்னிச் சூழ்ந்துள்ளன. ஓய்ந்திருக்கும் ஒருவரது உடலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர்க் குருதி இவ்வலையினூடே பாய்கின்றது. குருதிக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட சுவரோ மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியது. அதனூடே ஒட்சிசன் குருதியுள் நுழைய, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது.

இவ்வினை செவ்வனே நடைபெறுதற்குக் காற்றுச் செல்லுமிடத்திற்கே குருதியும் செல்லல் வேண்டும். காற்றுப் புகாத சிற்றறையைச் சுற்றி ஓடும் குருதி, சந்தைக்குச் சென்று வெறுங்கையோடு மீள்பவனை ஒக்கும். நோயாளிக்குத் தூய ஒட்சிசனையே ஊட்டினும் அக்குருதிக்கு அதனாற் பயனில்லை. ஒட்சிசன் அச்சிற்றறையை அடைந்தாலன்றோ குருதி அதனைப் பெறும்? நுரையீரற் பழுதில் எழும் இடர்ப்பாட்டின் பெரும்பகுதி இவ்வொரு செய்தியுள் அடங்கும்.

இனி நோயினை நோக்குவாம். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த அஷ்போ, பிக்கலோ, பெற்றி, லெவின் என்னும் மருத்துவர் நால்வர் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் பன்னிரு நோயாளரைப் பற்றி எழுதினர். அவருட் சிலர் விபத்திற் காயமுற்றோர். சிலர் வைரசு நோயாற் பீடிக்கப்பட்டோர். கணைய அழற்சியுற்றோரும் இருந்தனர். தொடங்கிய நோய் வெவ்வேறாயினும் முடிந்தவிடம் ஒன்றாக இருந்தது. மூச்சு விரைந்தது, ஒட்சிசன் ஊட்டியும் உடல் நீலம் பாரித்தது, நுரையீரல் விறைத்து, விரிய மறுத்தது. பன்னிருவருள் எழுவர் இறந்தனர். இறந்தோரின் நுரையீரல்கள் கனத்து, நீர் கோத்து, ஈரலைப் போன்ற தோற்றத்தன ஆயிருந்தன. மயிர்க்குழாய்களின் சுவர் பழுதுற்றுப் புரதம் செறிந்த நீர் சிற்றறைகளுள் கசிந்தமையே இதற்குக் காரணம். சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதவாறு மேற்பரப்பிழுவையைக் குறைக்கும் பொருள் ஒன்று நுரையீரலில் இயல்பாகச் சுரக்கின்றது; அதுவும் இந்நோயிற் கெடுகின்றது. கடும் நுரையீரற் பழுது என இக்கட்டுரையிற் கூறப்படுவது இந்நிலையேயாகும். நிமோனியா, குருதி நஞ்சாதல், நீரில் மூழ்கல், இரைப்பைப் பொருள் மூச்சுக்குழாயுட் புகுதல் ஆகியவற்றாலும் இது நேரும். 2020ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் கொவிட் நோயால் இறந்தோருட் பெரும்பாலார் இவ்வழியே இறந்தனர்.

இத்தகையோரைச் சுவாசப்பொறியோடு இணைப்பதன்றி வேறு வழியில்லை. அப்பொறியின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. ஒன்றை மட்டும் கூறுவன். 1952ஆம் ஆண்டு கொப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளை நோயாய்ப் பரவியபொழுது, பிளெக்டம் வைத்தியசாலையில் மூச்சுத்தசை செயலற்ற முதல் 31 நோயாளருள் 27 பேர் மூன்று வாரத்துள் இறந்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். ஏறக்குறைய 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பைகளை அமுக்கினர். இறப்புப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது எனலாம். ஆயின் கொப்பன்கேகன் நோயாளருக்கும் டென்வர் நோயாளருக்கும் உள்ள வேற்றுமையை மறத்தலாகாது. முன்னையோரின் நுரையீரல் நல்லது, தசைதான் சோர்ந்தது. பின்னையோருக்குத் தசை இயங்கிற்று, நுரையீரல் பழுதுற்றது. முன்னையோருக்குப் போதிய காற்றை உட்செலுத்தினாற் போதும். பின்னையோருக்கு அக்காற்று எங்கே செல்கின்றது என்பது பெருவினாவாயிற்று.

மயக்கமருந்தும் தசைதளர் மருந்தும் பெற்று, மல்லாந்து கிடந்து, பொறியால் மூச்சு விடும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தானாக மூச்சு விடுபவரிடத்து, மல்லாந்த கிடையில் பிரிமென்றகட்டின் முதுகுப்புறப் பகுதியே மிகுதியாக அசைகின்றது. ஆகவே காற்றும் முதுகுப்புறம் நோக்கிச் செல்கின்றது. தசை தளர்த்தப்பட்டவரிடத்து இது மாறிவிடுகின்றது. வயிற்றுறுப்புக்களின் பாரம் முதுகுப்புறத்திலே மிகுதியாய் அழுத்துதலால், பொறி செலுத்தும் காற்று எதிர்ப்புக் குறைந்த முன்புறத்தையே நாடுகின்றது. கனடாவின் தொறன்றோ நகரைச் சேர்ந்த புறோசு, பிரயன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் இதனை ஊடுகதிர் கொண்டு காட்டினர். குருதியோ முதுகுப்புறமே மிகுதியாய் ஓடுகின்றது. காற்று முன்னே, குருதி பின்னே என இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அங்ஙனமாயின் நோயாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் என்ன என்று அவ்வாண்டிலேயே பிரயன் எழுதினார். 1976ஆம் ஆண்டு பீல், பிறவுண் என்னும் இருவர் ஐந்து நோயாளரைக் கவிழ்த்து, அவர்தம் குருதியில் ஒட்சிசன் உயர்ந்தமையை அறிவித்தனர்.

ஐவரைப் பற்றிய அவ்வறிக்கையை மருத்துவ உலகம் அந்நாளிற் பெரிதாகக் கொள்ளவில்லை. நோயாளி மல்லாந்து கிடத்தலே மருத்துவர்க்கும் தாதியர்க்கும் வசதி. முகம் தெரியும், குழாய்கள் கைக்கெட்டும், மார்பிற் செவி வைக்கலாம், உறவினர் வந்தால் முகத்தைப் பார்க்கலாம். நோயாளியின் நன்மை கருதி ஏற்பட்டதன்று, பார்ப்பவரின் வசதி கருதி ஏற்பட்டது இவ்வழக்கம் என்று கூறின் மிகையாகாது.

வரலாற்றின் சுவையான பகுதி இதன் பின்னரே வருகின்றது. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையில், இந்நோயில் நுரையீரல் முழுவதும் ஒரே சீராகப் பழுதுறுகின்றது என்றே யாவரும் கருதியிருந்தனர். சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் இருபுறமும் வெண்மையாகவே தெரிந்தமையால் அங்ஙனம் கருதியதில் வியப்பில்லை. கணினியின் உதவியால் உடலைக் குறுக்கே வெட்டினாற்போலக் காட்டும் படம் வந்ததும் காட்சி மாறியது. இத்தாலியின் மிலான் நகரில் லூசியானோ கற்றினோனி என்பாரும் அவர் குழுவினரும் இந்நோயாளரின் நுரையீரலை அவ்வாறு படம் பிடித்தனர். மல்லாந்து கிடந்தோரின் நுரையீரலில் முதுகுப்புறம் வெண்ணிறமாய்க் காற்றின்றிக் கிடந்தது. முன்புறமோ ஏறக்குறைய நல்ல நுரையீரலைப் போலக் காற்று நிறைந்திருந்தது. அவ்வாறு எஞ்சிய நற்பகுதியை அளந்தபோது, கடும் நோயாளரில் அது ஐந்து அல்லது ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் நுரையீரலளவே இருந்தது. ஆகவே அதற்கு அவர்கள் 'குழந்தை நுரையீரல்' எனப் பெயரிட்டனர். வளர்ந்த மனிதனின் உடலுக்கு வேண்டும் ஒட்சிசன் அனைத்தையும் அச்சிறு நுரையீரலே தேடித்தரல் வேண்டும்.

நற்பகுதி முன்னே உள்ளது. குருதியோ பாரத்தாற் கீழ்நோக்கிச் செல்வது. எனவே நோயாளியைக் கவிழ்த்தால் நற்பகுதி கீழே வர, குருதி அதனை நாடிச் செல்லும் என்று மிலான் குழுவினர் எண்ணினர். கவிழ்த்தனர். எண்ணியவாறே பெரும்பாலாரில் ஒட்சிசன் உயர்ந்தது. கொள்கை மெய்யாயிற்று என்று அவர்கள் நின்றுவிட்டிருக்கலாம். ஆயின் அவர்கள் கவிழ்ந்த கிடையிலும் படம் பிடித்துப் பார்த்தனர். அங்கே கண்டது அவர்கள் எண்ணியதன்று. முன்பு முதுகுப்புறத்திருந்த வெண்மை சிறிது நேரத்துள் நீங்கி, இப்பொழுது கீழாகிய மார்புப்புறத்திலே தோன்றியிருந்தது! நற்பகுதி எனக் கொண்டது உடலில் நிலையான ஓரிடமன்று. நுரையீரல் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு பழுதுற்றிருந்தது. எது மேலே இருந்ததோ அது திறந்திருந்தது, எது கீழே இருந்ததோ அது மூடியிருந்தது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிபு, காரணம் பிழைத்தும் காரியம் பலித்த ஆராய்ச்சிகளுள் ஒன்றாக வைத்தெண்ணத்தக்கது.

இதனை விளக்க அவர்கள் கூறிய உவமை நீர் தோய்ந்த கடற்பஞ்சு ஆகும். மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். பெரியதொரு பஞ்சினை நீரில் நன்கு தோய்த்துத் தட்டொன்றில் வைத்தால், மேற்புறத் துளைகள் காற்றோடு விரிந்திருக்க, கீழ்ப்புறத் துளைகள் மேலுள்ள பாரத்தால் நசுங்கியிருக்கும். புரட்டி வைத்தாற் புறம் மாறும். நல்ல நுரையீரல் உலர்ந்த பஞ்சு. அதன் பாரம் சிறிது. பழுதுற்ற நுரையீரல் நனைந்த பஞ்சு. இருமடங்கு மும்மடங்கு கனக்கும். தன் பாரமே தன்னை அமுக்கி மூடச்செய்கின்றது.

மேலே உள்ளது திறக்கக் கீழே உள்ளது மூடுமாயின், புரட்டுதலால் இலாபம் யாது? ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் வாங்கியதாக முடியாதோ? இவ்வினா நியாயமானது. இதற்கு விடை நுரையீரலின் வடிவத்திலும் மார்பறையின் அமைப்பிலும் உள்ளது. நுரையீரல் முன்புறத்தே ஒடுங்கி முதுகுப்புறத்தே அகன்ற உறுப்பு. முதுகுப்புறத்திலேயே சிற்றறைகள் மிகுதி. ஆதலின் முன்புறம் மூடுதலால் வரும் நட்டத்தினும் பின்புறம் திறத்தலால் வரும் ஊதியம் பெரிது. மேலும், மல்லாந்த கிடையில் இதயம் நுரையீரலின் ஒரு பகுதிமேல், சிறப்பாக இடப்பக்கத்தின்மேல், ஏறி அமர்ந்திருக்கின்றது. கவிழ்ந்த கிடையில் அது மார்பெலும்பின்மேற் சாய்ந்துவிடுகின்றது. அதன் கீழகப்படும் நுரையீரல் மிகச் சிறிதே. வயிற்றின் பாரமும் பிரிமென்றகட்டின் முதுகுப்புறத்தை முன்போல அழுத்துவதில்லை. எளிதில் விரியக்கூடிய முன்மார்புச் சுவர் மெத்தையால் தடுக்கப்படுதலின், பொறி செலுத்தும் காற்றும் முதுகுப்புறம் நோக்கித் திருப்பப்படுகின்றது.

குருதி என் செய்கின்றது? கவிழ்த்ததும் குருதியெல்லாம் மார்புப்புறம் ஓடிவிடுமென்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழ்வதில்லை. நுரையீரற் குருதிக்குழாய்களின் கிளையமைப்பே குருதியை முதுகுப்புறம் மிகுதியாகச் செலுத்தும் வண்ணம் அமைந்துள்ளது. கிடை மாறினும் பெரும்பகுதிக் குருதி முதுகுப்புறமே செல்கின்றது. திறந்த சிற்றறைகளும் இப்பொழுது அங்கேயே உள்ளன. பிரிந்து நின்ற காற்றும் குருதியும் மீண்டும் சந்திக்கின்றன.

இதுவரை கூறியது ஒட்சிசன் உயர்தற்குரிய காரணம். உயிர் பிழைத்தற்குரிய காரணம் இதுதானா என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதனாலேயே ஆராய்ச்சி பல்லாண்டு தடுமாறியது என்பது என் கருத்து.

சுவாசப்பொறி உயிர் காப்பது. அதுவே நுரையீரலைக் கெடுப்பதுமாம். வளர்ந்தவருக்குரிய அளவு காற்றைக் 'குழந்தை நுரையீரல்' ஒன்றினுட் செலுத்தினால், திறந்திருக்கும் சிற்றறைகள் அளவுக்கு மிஞ்சி விரிந்து கிழிகின்றன. பாதி மூடிய சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் திறந்து மூடித் தேய்கின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு இதனை மெய்ப்பித்தது. உயரத்தைக் கொண்டு கணிக்கும் உடல்நிறையில் கிலோகிராமுக்கு 12 மில்லிலீற்றர் வீதம் காற்றுப் பெற்றோரில் நூற்றுக்கு 39.8 பேர் இறக்க, 6 மில்லிலீற்றர் வீதம் பெற்றோரில் நூற்றுக்கு 31.0 பேரே இறந்தனர். வியப்பு யாதெனின், முதல் நாட்களில் ஒட்சிசன் நன்றாயிருந்தது மிகுந்த காற்றைப் பெற்றோரிடத்தேயாம். எண் நன்றாயிருந்தவர் கூட்டத்திலேயே இறப்பு மிகுந்தது. கவிழ்ந்த கிடையின் பெரும்பயனும் இவ்வழியிலேயே விளங்கும். காற்று நுரையீரல் முழுவதும் சீராகப் பரவுதலின் எந்தவொரு பகுதியும் அளவுக்கு மிஞ்சி இழுபடுவதில்லை; பொறியால் விளையும் கேடு தணிகின்றது.

இனி ஆய்வுகளின் வரலாறு. 2001ஆம் ஆண்டு கற்றினோனி குழுவினர் 304 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் கவிழ்த்தனர். ஒட்சிசன் உயர்ந்தது, இறப்புக் குறையவில்லை. 2004ஆம் ஆண்டு பிரான்சில் குளோட் கெரான் தலைமையில் 791 பேரைக் கொண்டு நடந்த ஆய்விலும் அவ்வாறே. இத்துடன் இம்முறையைக் கைவிட்டிருப்பினும் எவரும் குறை கூறியிரார். ஆனால் முடிபுகளை நுணுகி நோக்கியோர் இரண்டு செய்திகளைக் கண்டனர். ஆய்விற் சேர்ந்தோருட் பலர் அத்துணைக் கடும் நோயினர் அல்லர். மிகக் கடும் நோயினரிடத்துப் பயனிருப்பதற்குச் சாயல் தென்பட்டது. அன்றியும், ஏழெட்டு மணி நேரம் கவிழ்த்துப் பதினாறு மணி நேரம் மல்லாத்தினால், நாளின் பெரும்பகுதி பழைய கேடே தொடரும் அன்றோ? மருந்தின் அளவு குறைந்தமையால் மருந்தே பயனற்றது எனக் கொள்ளலாகாது.

இவ்விரு குறைகளையும் நீக்கிக் கெரான் குழுவினர் மீண்டும் ஓர் ஆய்வை வகுத்தனர். நோயின் கடுமையை அளக்க, நாடிக் குருதியின் ஒட்சிசன் அமுக்கத்தை இரசம் மில்லிமீற்றரில் எடுத்து, ஊட்டும் வாயுவில் ஒட்சிசன் எத்தனை பங்கு என்னும் பின்னத்தால் வகுப்பர். நலமுடையார்க்கு இவ்வெண் 400க்கு மேல் வரும். பத்தில் ஆறு பங்கு ஒட்சிசன் ஊட்டியும் அமுக்கம் 80 மில்லிமீற்றரே எனின், எண் ஏறக்குறைய 133 ஆகும். 150க்கும் கீழ்ப்பட்டோரே ஆய்விற் சேர்க்கப்பட்டனர். யாவருக்கும் சிறு மூச்சே அளிக்கப்பட்டது. கவிழ்க்கப்பட்டோர் ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் தொடர்ந்து அக்கிடையில் வைக்கப்பட்டனர். பிரான்சில் 26 பிரிவுகளும் இசுப்பானியாவில் ஒன்றும் பங்குபற்றின. 2013ஆம் ஆண்டு வெளிவந்த முடிபு இது: 28 நாளுள், மல்லாந்து கிடந்த 229 பேரில் 75 பேரும், கவிழ்க்கப்பட்ட 237 பேரில் 38 பேரும் இறந்தனர். நூற்றுக்கு 32.8 என்பது 16.0 ஆயிற்று. கணக்கிட்டு நோக்கின், ஏறக்குறைய அறுவரைக் கவிழ்த்தால் ஓர் உயிர் தப்புகின்றது. தீவிர சிகிச்சையில் இத்துணைப் பயன் காட்டிய முறைகள் மிகச் சில.

மறு ஆண்டில் அவ்வாய்வின் தரவுகளையே மீண்டும் ஆராய்ந்தோர், கவிழ்த்ததும் ஒட்சிசன் உயர்ந்தோர்க்கும் உயராதோர்க்கும் உயிர் பிழைத்தலில் வேற்றுமை இல்லை எனக் கண்டனர். ஆகவே, 'கவிழ்த்துப் பார்த்தோம்; எண் உயரவில்லை; மல்லாத்திவிட்டோம்' என்னும் வழக்கத்துக்கு ஆதாரமில்லை.

கவிழ்த்தல் எளிது எனச் சொல்லுதல் எளிது. செய்தல் அத்துணை எளிதன்று. வாயினூடே மூச்சுக்குழாயும், கழுத்திலே குருதிக்குழாயும், மூக்கிலே உணவுக்குழாயும் பொருத்தப்பெற்று, அறிவு மயங்கிக் கிடக்கும் ஒருவரைப் புரட்டுதற்கு ஐவர் முதல் எழுவர் வரை வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயைக் கையால் பற்றிக்கொள்வர். அவரே கட்டளையிடுபவர், அவர் எண்ணிய பின்னரே ஏனையோர் அசைப்பர். உணவூட்டல் முன்னரே நிறுத்தப்படும். கண்கள் மூடி ஒட்டப்படும். நோயாளியின் மேலும் கீழும் துணி விரித்து, ஓரங்களை ஒன்றாய்ச் சுருட்டி, முதலிற் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, பின் ஒருக்களித்து, பின் கவிழ்ப்பர். இதயத் துடிப்பை அறியும் ஒட்டுக்கள் மார்பினின்றும் முதுகுக்கு மாற்றப்படும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க, அப்பக்கத்துக் கை மேலே மடங்கியும் மறு கை உடலோடு நீண்டும், நீந்துபவரைப் போலக் கிடத்துவர். சில மணி நேரத்துக்கொரு முறை முகமும் கைகளும் பக்கம் மாற்றப்படல் வேண்டும். இல்லையேல் கன்னத்திலும் நாடியிலும் நெற்றியிலும் புண் உண்டாகும். தோள் நரம்புகள் இழுபட்டுக் கை செயலிழத்தலும் உண்டு. மூச்சுக்குழாய் கழன்று விடுதலே பேரச்சம். 2013ஆம் ஆண்டு ஆய்வில் பங்குபற்றிய பிரிவுகள் யாவும் ஐந்தாண்டுக்கு மேலாக இம்முறையிற் பழகியவை என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே உயிர் காத்த கைகள் பெரும்பாலும் தாதியரின் கைகளே.

முள்ளந்தண்டு முறிந்து நிலையற்றிருப்போர், அண்மையில் நெஞ்சறுவை பெற்றோர், மூளையுள் அமுக்கம் மிகுந்தோர், குருதியமுக்கம் தாங்கமாட்டாது வீழ்ந்தோர் ஆகியோரைக் கவிழ்த்தல் ஆபத்து. உடல் பருத்தமை தடையன்று. கருவுற்றிருத்தலும் முழுத் தடையன்று, வயிறு அழுந்தாதவாறு தாங்கல் கொடுத்துக் கவிழ்த்துள்ளனர்.

கிடை பற்றிய பிற செய்திகள் இரண்டைச் சுருங்கக் கூறுவன். கவிழ்க்க வேண்டாத நோயாளரையும் முற்றாக மல்லாத்தி வைத்தல் நன்றன்று. தலைப்புறத்தை 30 பாகை முதல் 45 பாகை வரை உயர்த்தினால், இரைப்பைப் பொருள் மேலேறி மூச்சுக்குழாயுட் புகுதல் குறையும். 1999ஆம் ஆண்டு 86 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், தட்டையாய்க் கிடந்தோரில் நூற்றுக்கு 34 பேர்க்கு நிமோனியா உளதென ஐயுறப்பட்டது. 45 பாகை உயர்த்தப்பட்டோரில் 8 பேர்க்கே. ஒரு பக்க நுரையீரல் மட்டும் பழுதுற்றவரை, நற்பக்கம் கீழாக ஒருக்களித்துக் கிடத்தல் வளர்ந்தோர்க்கு நன்மை தரும். குழந்தைகளிடத்து இது மாறுபடும். குழந்தை என்றவுடன் ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலே நலமாயுள்ள பச்சிளங் குழந்தையைக் குப்புறத் துயிற்ற எவரும் எண்ணற்க. உறக்கத்தில் நேரும் திடீர் மரணம் அக்கிடையிலே மிகுதி என்பது நன்கு நிறுவப்பட்டது. குழந்தை மல்லாந்தே உறங்குக.

இத்துணைப் பயனுள்ள முறை எங்கும் கையாளப்படுகின்றதா? 2016ஆம் ஆண்டு வெளிவந்த பெரும் கணக்கெடுப்பு ஒன்று, 50 நாடுகளில் 459 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை உள்ளடக்கியது. அதன்படி மிகக் கடும் நோயினருள்ளும் நூற்றுக்கு 16.3 பேரே கவிழ்க்கப்பட்டிருந்தனர். பின்னர் நடந்த ஆய்வொன்றில், கவிழ்க்காமைக்கு மருத்துவர் பெரிதும் கூறிய காரணம், ஒட்சிசன் அத்துணைத் தாழவில்லை என்பதேயாம். விலையுயர்ந்த மருந்தொன்று இதிற் பாதிப் பயனைக் காட்டியிருப்பின் அது அவ்வளவு மெதுவாய்ப் பரவியிராது என்று கருதுகின்றேன். விற்பதற்கு எவருமில்லாத மருத்துவத்தைப் பரப்புதற்கும் ஆளில்லை. 2020ஆம் ஆண்டிற் கொவிட் நோய் வந்தபின் நிலை மாறியது. கவிழ்த்தற்கெனவே தனிக் குழுக்கள் அமைந்தன. பொறியோடு இணைக்கப்படாது விழித்திருந்த நோயாளரையும் தாமே குப்புறப் படுக்குமாறு கேட்டுக்கொண்டனர். ஆறு நாடுகளில் 1100க்கு மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வாறு படுத்தோரில் மூச்சுக்குழாய் இடவேண்டியவர் தொகை குறைந்தது. இறப்பிலே தெளிவான வேற்றுமை காணப்படவில்லை.

கவிழ்த்தலை எப்பொழுது நிறுத்துவது என்பதற்கும் 2013ஆம் ஆண்டு ஆய்வினர் விதி வகுத்திருந்தனர். அவர்தம் நோயாளர் சராசரியாக நான்கு முறை, முறையொன்றுக்குப் பதினேழு மணி நேரம் கவிழ்க்கப்பட்டனர். ஒவ்வொரு முறையின் பின்னரும் நோயாளியை மல்லாத்தி, குறைந்தது நான்கு மணி நேரம் பொறுத்து, முற்கூறிய எண்ணை அளப்பர். ஊட்டும் ஒட்சிசன் பத்தில் ஆறு பங்குக்கு மேற்படாமலும், வெளிமூச்சின் ஈற்றிற் பொறி நிலைநிறுத்தும் அமுக்கம் நீர் 10 சதமமீற்றருக்கு மேற்படாமலும் இருக்க, எண் 150ஐயோ அதற்கு மேலோ அடைந்திருப்பின், மீண்டும் கவிழ்ப்பதில்லை.